தேய்ந்த பிளேடும் பலாக் கட்டையும்

நெய்வேலிச் சுரங்கத்தின் விளிம்பில் நிற்பவர்கள் எல்லோரும் கீழே கறுப்பு எங்கே தெரிகிறது என்றுதான் தேடுவார்கள். நான் பற்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கெட் வீல் என்று அங்கே எல்லோரும் சொல்கிற எந்திரம், ஒரு பெரிய சக்கரத்தைச் சுழற்றிச் சுழற்றி மண்சுவரைச் சுரண்டுகிறது. சக்கரத்தைச் சுற்றி வாளிகள். ஒவ்வொரு வாளியின் வாயிலும் எஃகுப் பற்கள். ஒரு வாளிக்கு 1,400 லிட்டர் கொள்ளும் எந்திரங்களும் அங்கே உண்டு. பழுப்பு நிலக்கரி எடை போட்டால் ஏறக்குறைய பாதி தண்ணீர். அதை வெட்டுவதில் பல்லுக்குப் பெரிய சிரமமில்லை. அதற்கு மேலே கிடக்கிற மண்தான் வில்லங்கம். ஒரு டன் கரிக்கு ஐந்தாறு கன மீட்டர் மண்ணை அள்ளிக் கொட்ட வேண்டும். அதில் பெரும்பகுதி, புவியியல்காரர்கள் கடலூர் மணற்கல் என்று பெயர் வைத்திருக்கும் பாறை. ஒரு துண்டைக் கையில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தால் உப்புத்தாள்போல் தோலை உரசும்.

ஜெர்மனியிலிருந்து வந்த எந்திரங்கள் அந்த நாட்டு இளகிய மண்ணில் பழகியவை. இங்கே பற்கள் மளமளவென்று தேய்ந்தன. முன்கூட்டியே துளை போட்டு, வெடி வைத்துப் பாறையைத் தளர்த்திவிட்டுத்தான் சக்கரத்தை அனுப்ப வேண்டியிருந்தது. தேய்ந்த விளிம்பில் கடினமான உலோகத்தை வெல்டிங் வைத்து ஏற்றுவது, பல் மாற்றுவது எல்லாம் இந்த ஊரின் அன்றாட வேலையாகிப் போயின. 1957 மே மாதம் நேரு வந்து சுரங்கத்தைத் தொடங்கிவைத்தார். கரியின் முகத்தைப் பார்க்க 1961 ஆகஸ்டு வரை மண்ணை மட்டுமே அள்ளிக்கொண்டிருந்தார்கள். அதற்கும் முன்னால் 1930களில், ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வெளிவந்த கதையை நெய்வேலியில் படித்த எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும்.

இத்தனை பெரிய இரும்பு தேய்கிற ஊரில், தேய்ந்துபோன ஒரு சின்ன இரும்பை எடுத்து வீட்டில் உட்கார்ந்து கத்தி செய்கிற ஒருவர் இருக்கிறார் என்று நண்பர் சொன்னார். ஓய்வு பெற்ற பிட்டர். போய்ப் பார்ப்பதற்கு அது போதும்.

விக்கிரவாண்டியில் பிரிந்து கும்பகோணம் போகும் சாலையில் பண்ருட்டியிலேயே இறங்கிவிட்டேன். “வர்ற வழியில ரெண்டு துண்டு பலாக் கட்டை வாங்கிட்டு வந்துடுங்க சார், காஞ்சதா பாத்து” என்று பிட்டர் போனில் சொல்லியிருந்தார். சாலையோரம் பலாப்பழக் குவியல்கள். பழம் பிளப்பவர்கள் கத்தியிலும் கையிலும் எண்ணெய் தடவிக்கொண்டு வேலை செய்கிறார்கள். பால் ஒட்டினால் அலகில் பசைபோலப் பிடித்துக்கொண்டு அடுத்த வெட்டு இறங்காது. ஊருக்கு உள்ளே மர வாடியில் நிலைமை வேறு. பலா அங்கே பழமல்ல, மரம். வீணைக்கும் மிருதங்கத்துக்கும் பண்ருட்டிப் பலா பேர் போனது. அறுத்த புதுப் பலகை மஞ்சளாக, கிட்டத்தட்ட மஞ்சள் தூள் நிறத்தில் இருக்கிறது. நாள்பட நாள்படப் பழுப்பாகி, கடைசியில் தேன் நிறத்தில் நிற்கும். கழிவுக் குவியலில் பழைய கதவுச் சட்டத்தின் துண்டு ஒன்று கிடந்தது. வாடிக்காரர் அதை நகத்தால் கீறிப் பார்த்து, “இது காஞ்சி பல வருஷம் ஆச்சு, இனிமே வெடிக்காது” என்று டீக்காசுக்கே கொடுத்துவிட்டார்.

ஆர்ச் கேட்டில் இறங்கினால் டவுன்ஷிப் தொடங்குகிறது. வட்டம் வட்டமாக எண் போட்ட குடியிருப்பு, நேர்க்கோட்டுச் சாலை, இரு பக்கமும் மரம். வெளியே பொசுக்குகிற வெயில் உள்ளே வந்ததும் ஒரு படி இறங்கிவிடும். ஆனால் நான் போக வேண்டியது உள்ளே அல்ல. ஓய்வு பெற்ற பிறகு குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட வேண்டும். வாழ்நாளில் பெரும்பகுதியை அந்த நிழலில் கழித்தவர்கள் பலர், ஊரை விட்டுப் போக மனமில்லாமல், வடக்குத்திலும் இந்திரா நகரிலும் மனை வாங்கி வீடு கட்டிக்கொண்டிருக்கிறார்கள். பிட்டர் வீடும் அப்படித்தான். முன்னால் முருங்கை, பின்னால் தகரக் கொட்டகை. கொட்டகைக்குள் ஒரு வைஸ், ஒரு பெஞ்ச் கிரைண்டர், கையில் பிடிக்கும் ஆங்கிள் கிரைண்டர், பெயிண்ட் டப்பாவில் தண்ணீர். சுவரில் அரங்கள் அளவு வாரியாகத் தொங்கின. ஷிப்டு வேலையின் பழக்கம் கொட்டகையில் இருந்தது. எடுத்த சாமான் எடுத்த இடத்துக்கே திரும்பிப் போனது.

“முதல்லயே சொல்லிடறேன் சார். இதுல கம்பெனிச் சாமான் ஒண்ணுகூடக் கிடையாது” என்றார், நான் கேட்காமலே. எங்கே போனாலும் சோதனை போடும் வாயிலைத் தாண்டியே பழகியவரின் முன்னெச்சரிக்கை. அவருடைய சரக்கு, வெளியே இருக்கும் லேத் பட்டறைகளில் தேய்ந்து கழித்துப்போட்ட பவர் ஹேக்ஸா பிளேடு. இரும்புத் தடியை அறுக்கிற எந்திர ரம்பத்தின் அலகு அது. கையால் அறுக்கிற ஹேக்ஸா பிளேடைப் போல மெல்லியதல்ல. ஒன்றரை அங்குல அகலம், இரண்டு மில்லிமீட்டர் கனம். பல் மழுங்கினால் பட்டறைக்கு அது பயனில்லை. கத்திக்கோ பல்லே தேவையில்லை.

இந்த அலகு ஹைஸ்பீடு ஸ்டீல். டங்ஸ்டனோ மாலிப்டினமோ, அதோடு குரோமியமும் வனேடியமும் கலந்த எஃகு. அமெரிக்காவில் பெத்லஹேம் எஃகு ஆலையில் டெய்லரும் ஒயிட்டும் இதைப் பதப்படுத்தும் முறையைக் கண்டுபிடித்து, 1900ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் காட்டினார்கள். கடைசல் எந்திரத்தில் வெட்டுமுனை செந்நிறமாகக் காய்ந்த பிறகும் மழுங்காமல் இரும்பைச் சீவிக்கொண்டே இருந்ததைப் பார்த்து வந்தவர்கள் மலைத்துப்போனார்களாம். பிட்டருக்கு டெய்லரைத் தெரியும்; ஐ.டி.ஐ. பாடத்தில் படித்திருக்கிறார். “மத்த எஃகை கிரைண்டர்ல வச்சு அது நீலமாப் போச்சுன்னா, போச்சு. பதம் எறங்கிடும். அப்புறம் அது வெறும் தகடு. இது ஐந்நூறு டிகிரிக்கும் அசையாது.” சொல்லிக்கொண்டே அலகைத் தண்ணீரில் முக்கினார். அசையாது என்றால் எதற்குத் தண்ணீர்? “அலகுக்கு இல்ல சார், என் விரலுக்கு.”

வேலை அலகை உடைப்பதில் ஆரம்பிக்கிறது. பவர் ஹேக்ஸா பிளேடின் இரு முனையிலும் எந்திரத்தில் மாட்டுவதற்கு ஓர் ஓட்டை இருக்கும். நடுவில் உடைத்தால் இரண்டு கத்தி. ஒவ்வொன்றுக்கும் பிடியில் ஆணி அடிக்க ஓர் ஓட்டை தயார். இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வந்த சந்தோஷம், சுரங்கத்தைப் பற்றிப் பேசும்போதுகூட வரவில்லை. நடுவில் கட்டிங் வீலால் இரு பக்கமும் ஒரு கீறல். வைஸில் கீறல் வரை இறுக்கி, மேலே பழைய சாக்கைச் சுற்றி, கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரே தட்டு. பிஸ்கட்டை விட வேகமாக உடைந்தது. சாக்கு இல்லாவிட்டால் சில்லு எங்கே பறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. கண்ணாடி இல்லாமல் இந்த வேலையைப் பார்க்க அவர் யாரையும் கொட்டகைக்குள் விடுவதில்லை. எனக்கும் ஒன்று கொடுத்தார்.

பிறகு பல்லைத் தேய்த்து எடுப்பது, முனைக்கு வளைவு கொடுப்பது. மார்க்கர் பேனாவால் வரைந்த கோடு வரை கிரைண்டரில். அரம் இங்கே எடுபடாது. வைத்து இழுத்தால் கண்ணாடி மேல் சறுக்குவது மாதிரி கிறீச்சென்று சத்தம் மட்டும் வரும். சாய்வு எடுப்பதுதான் பொறுமையைச் சோதிக்கிற கட்டம். முதுகிலிருந்து வாய் வரை அலகு மெலிந்துகொண்டே வர வேண்டும்; ஒரு பக்கம் கூடினால் வெட்டும்போது கத்தி வெங்காயத்துக்குள் ஒருக்களித்துப் போகும். நாலு தடவை இந்தப் பக்கம், நாலு தடவை அந்தப் பக்கம் என்று மாற்றி மாற்றிப் பிடித்தார். பொறியின் நிறத்தையும் காட்டினார். சாதாரண எஃகு மஞ்சள் வெள்ளையாகப் பூச்சிதறும்; இதில் பொறி மங்கலான சிவப்பாக, குறைவாக, தலை குனிந்து விழும். பழைய இரும்புக் கடையில் ஏமாறாமல் இருக்க அவருக்கு இது போதும்.

இரண்டாவது ஓட்டை ஒரு தொல்லை. சாதாரண டிரில் பிட் இந்த எஃகில் வட்டமடித்துக்கொண்டே நிற்கும், இறங்காது. சுவரில் ஓட்டை போடும் கார்பைடு முனை பிட்டைச் சாணை பிடித்துக் கூராக்கி, சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட்டு, மெதுவாக இறக்குகிறார். பாதியில் பிட் உடைவது சகஜம்.

பிடி போடும் வேலை தொடங்கியதும் கொட்டகையின் வாசனையே மாறிவிட்டது. இரும்பு கருகிய நெடி போய், பலாத் தூளின் லேசான இனிப்பு. கதவுச் சட்டத்துண்டை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, அலகின் இரு பக்கமும் வைத்து, ஓட்டையைக் குறித்துத் துளைத்தார். பட்டறைகளில் செய்கிற மாதிரி அலகின் வாலைக் காய்ச்சிப் பிடிக்குள் இறக்கி அரக்கு ஊற்றுவது இவர் வழியில்லை. இங்கே அலகு பிடியின் கடைசி வரை முழு நீளத்துக்கும் ஓடுகிறது. நடுவில் அரால்டைட், ஓட்டைகளில் பித்தளை ராடு. ராடின் முனை இருபுறமும் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்க, சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டிக் குமிழாக விரிக்கிறார். அந்தத் தட்டு எவ்வளவு மெதுவானது என்றால், பக்கத்தில் இருந்த எனக்கே சலிப்பாக இருந்தது. ஓங்கி அடித்தால் பலா பிளந்துவிடும், அவ்வளவுதான். மறுநாள் ஒட்டு இறுகிய பிறகு மர அரம், பின் உப்புத்தாள், முரடிலிருந்து நைசு வரை. கடைசியில் ஆளிவிதை எண்ணெய். துணியில் தொட்டுத் தேய்த்ததும், வெளிறிக் கிடந்த கட்டைக்குள்ளிருந்து தேன் நிறம் மேலே வந்தது.

கூர் பிடிப்பதை அவர் கல்லில்தான் செய்கிறார். எண்ணெய்க் கல்லின் மீது அலகைப் படுக்க வைத்து, முதுகை இரண்டு ஐந்து ரூபாய் நாணயம் நுழைகிற அளவுக்குத் தூக்கி, அந்தச் சாய்வு மாறாமல் தள்ளிக்கொண்டே போவது. சோதனைக்குத் தக்காளி. அழுத்தாமல் வைத்து இழுத்தால் தோல் வெட்டுப்பட வேண்டும்.

“எல்லாருக்கும் செஞ்சு கொடுத்தாச்சு. மருமகளுக்கு, பக்கத்து வீட்டுக்கு, பழைய ஷிப்டு ஆளுங்களுக்கு. எங்க வீட்டம்மா மட்டும் தொட மாட்டேங்குறாங்க” என்றார். உள்ளே எட்டிப் பார்த்தேன். அந்த அம்மா தரையில் அரிவாள்மனையை வைத்து, ஒரு முழங்காலை மடித்து உட்கார்ந்து, இரண்டு கையாலும் புடலங்காயைத் தள்ளிக்கொண்டிருந்தார். கண் டி.வி.யில். காய் வட்டம் வட்டமாகத் தட்டில் விழுந்தது. மேடை வைத்த சமையலறை வந்ததும் கத்தி வந்தது. ஆனால் இரண்டு கையும் காயில் இருக்க, அலகு அசையாமல் நிற்கிற அந்த ஏற்பாட்டை எந்தக் கத்தியும் இன்னும் தோற்கடிக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

எனக்கு ஒரு கத்தி கொடுத்தார். ஆறு அங்குல அலகு. ஆயுத விதிகள் ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகைத்தான் கேள்வி கேட்கின்றன. அதிலும் வீட்டுக்கும் விவசாயத்துக்கும் செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. இருந்தாலும் பேருந்தில் போகிறவன் கையில் பளபளவென்று ஒன்று இருப்பது நல்லதல்ல. தினசரித் தாளில் சுற்றி, துண்டில் மடித்து, பையின் அடியில் வைத்தார்.

அங்கிருந்து வடலூர். வள்ளலார் 1867இல் மூட்டிய தருமச்சாலை அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. கூடத்தில் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தார்கள். சாப்பிட்டுவிட்டுச் சேத்தியாத்தோப்பு, புவனகிரி வழியாகப் பறங்கிப்பேட்டை போனேன். கத்தி தேடிப் போகிறவன் பறங்கிப்பேட்டைக்கு ஏன் போக வேண்டும் என்று கேட்கலாம். அங்கே 1830இல் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற வெள்ளைக்காரர், கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகத்தை விட்டுவிட்டு, ஓர் இரும்பாலை தொடங்கினார். தாது சேலத்திலிருந்து, எரிப்பதற்கு மரக்கரி. மரக்கரி கட்டுப்படியாகவில்லை, பணமும் போதவில்லை. கைமாறி, கைமாறி, பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்கு முன்பே ஆலை அடங்கிப்போனது. ஹீத் இங்கிலாந்துக்குத் திரும்பி, வார்ப்பு எஃகில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839இல் காப்புரிமை வாங்கினார். ஷெஃபீல்டு கத்திக்காரர்கள் அதனால் பிழைத்தார்கள். ஹீத் வழக்காடியே ஓய்ந்தார். இன்றைய பறங்கிப்பேட்டையில் மீன், படகு, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம். இரும்பைப் பற்றி யாரும் பேசவில்லை.

பறங்கிப்பேட்டையும் நெய்வேலியும் இருந்த பழைய தென்னார்க்காடு மாவட்டத்தின் மேற்கே மேல்சிறுவளூரில், மூசையில் எஃகு உருக்கிய பழைய களம் ஒன்றை சாரதா சீனிவாசன் 1990களில் அடையாளம் கண்டார். ஐரோப்பாவுக்கு ‘ஊட்ஸ்’ என்று போய், ஃபாரடேயும் ஸ்டோடார்ட் என்ற லண்டன் கத்திக்காரரும் 1820 வாக்கில் மண்டையை உடைத்துக்கொண்ட எஃகு அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. பிறகு நம் காலத்தில், சேலத்துத் தாதையும் நெய்வேலிக் கரியையும் சேர்த்து இரும்பு உருக்கலாம் என்ற கனவு. 1967இல் அண்ணா முதல்வராக இருந்தபோது சேலம் இரும்பாலைக்காக எழுச்சி நாளே கொண்டாடினார்கள். ஆலை 1980களின் தொடக்கத்தில் வந்தபோது, அது துருப்பிடிக்காத எஃகுத் தகடு உருட்டும் ஆலையாக வந்தது. சேலத்துத் தாதும் நெய்வேலிக் கரியும் அந்த ஆலையில் சந்திக்கவே இல்லை. இந்த மாவட்டத்தில் இரும்புக்கும் எரிபொருளுக்கும் ஜாதகம் பொருந்தியது அந்த மூசைக்காரர்களுக்கு மட்டும்தான் போலிருக்கிறது.

திரும்பும் வழியில் புவனகிரிப் பக்கம் ஒரு கொல்லுப் பட்டறையில் சத்தம் கேட்டு இறங்கினேன். லாரி ஸ்பிரிங் பட்டாவை வெட்டிக் காய்ச்சி அரிவாள் அடித்துக்கொண்டிருந்தார்கள். துருத்தி போய் மின் விசிறி வந்திருக்கிறது; கூரையின் இருட்டு மட்டும் அப்படியே. இருட்டு வேண்டும். காய்ச்சிய இரும்பின் நிறம் வெயிலில் தெரியாது. தோய்ச்சல் போடும்போது ஆசாரி அரிவாளின் வாயை மட்டும் தண்ணீரில் இறக்கினார். முதுகு சூடாகவே இருந்தது. வெளியே எடுத்து, கருங்கல்லில் நாலு உரசு. பளிச்சென்ற அந்த இடத்தில் முதுகின் சூடு மெல்ல இறங்கி வருவது நிறமாகத் தெரிந்தது: வைக்கோல் மஞ்சள், அப்புறம் பழுப்பு, அதன் பின்னால் ஊதா நகர்ந்து வந்தது. ஊதா வாயைத் தொடுவதற்குள் மறுபடி தண்ணீர். கண் இமைத்தால் தப்பிவிடும். பிட்டர் நெருப்பை அலகிடமிருந்து விலக்கிவைத்து வேலை செய்கிறார். இவருக்கு நெருப்புதான் வேலை. எரிப்பது என்ன கரி என்று கேட்டேன். “சவுக்குக் கரி. முன்ன நெய்வேலி லெக்கோக் கரி வரும், புகையே இருக்காது. அத நிறுத்திட்டாங்க.”

கத்தியைப் பிரித்துக் காட்டினேன். நகத்தால் சுண்டிச் சத்தம் கேட்டார். அரத்தை வைத்து ஓர் இழுப்பு, சறுக்கியது.

“இது அடிச்சதில்ல தம்பி. தேச்சது.”

“ஆமாண்ணே. ரம்ப பிளேடு.”

“ஒரு தடவ இந்தப் பிளேடைக் காய்ச்சி அடிச்சுப் பாத்தேன். மூணா ஒடஞ்சு ஒரு துண்டு கூரையில போயிக் குத்திக்கிச்சு.” சொல்லிவிட்டு, பக்கத்தில் பாதி செதுக்கிக் கிடந்த அரிவாள் பிடியை எடுத்து, கத்தியால் சீவினார். வேப்பங்கட்டை சுருள் சுருளாகக் கழன்றது. இன்னொரு சீவு. பிடி முழுவதையும் சீவி முடித்த பிறகுதான் கத்தியை என் கையில் கொடுத்தார். “பிடி செதுக்க நல்லாருக்கும். இந்த மாதிரி ஒண்ணு அவருகிட்ட கேட்டுப் பாருங்க, என்ன வெலைன்னு.”

போன் போட்டு இருவரையும் பேசவிட்டேன். விலை என்றதும் பிட்டர் மறுத்துவிட்டார். காசு வேண்டாம், வீட்டம்மாவின் அரிவாள்மனை அலகு தேய்ந்து பாதியாகிவிட்டது, நல்ல பட்டாவில் ஒன்று அடித்துத் தாருங்கள் என்றார். ஆசாரி யோசித்தார்.

“இரும்பு அடிச்சுத் தர்றேன். பலகை எனக்குத் தோதுப்படாது. அதை நீங்களே போட்டுக்கணும், சரியா?”